பழனிக்கு நடக்கப் போறீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

 

மார்கழி பிறந்தாலே எனக்கு ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். "அண்ணா, இந்த வருஷம் முதல்தடவையா பழனிக்கு நடக்கப் போறேன். என்னென்ன எடுத்துட்டு வரணும்?" எல்லோரும் என்ன எடுத்துக்கொள்வது என்றுதான் கேட்கிறார்கள். எப்படி நடப்பது என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அதில் என்ன இருக்கு, ஒரு வயசுல கத்துக்கிட்டதுதானே என்ற நினைப்பு!

காரைக்குடிப் பக்கத்துக் குழு ஒன்றோடு ஆறு வருஷமாக நடக்கிறேன். எங்கள் குழு பூசத்துக்கு மூன்று நாள் முன்னாடியே மலையேறித் தரிசனம் முடித்துவிடும். அதன்பிறகு நான் ஊருக்குப் போகாமல் ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் ஒரு மருந்துப் பந்தலில் இரண்டு நாள் உதவிக்கு நின்றுவிடுவேன். நடந்து வருகிறவர்களின் காலைக் கழுவிவிடுவதும், டாக்டர் சொல்கிற இடத்தில் கட்டுப் போடுவதும் என் வேலை. மனுஷங்க முகத்தைவிட காலைத்தான் அதிகமாப் பார்த்திருக்கே என்று வீட்டில் கேலி செய்வார்கள். உண்மைதான். அந்தப் பந்தல் பெஞ்சில் உட்கார்ந்து "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்று சொல்லாத முதல்தடவைக்காரர் யாரும் இல்லை. அவர்கள் சொன்னதும், வருஷா வருஷம் சிரமமே இல்லாமல் நடந்துபோகும் பெரியவர்களிடம் பார்த்ததும்தான் இந்தப் பதிவில் இருக்கிறது.

முதலில் தூரத்தைப் புரிஞ்சுக்குங்க

குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி போகிற பாதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நானூறு வருஷத்துக்கு மேற்பட்ட மரபு என்பார்கள். சிங்கம்புணரி, சமுத்திராப்பட்டி, நத்தம், சாணார்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று போய் பழனியில் முடியும். காரைக்குடியிலிருந்து கணக்குப் போட்டால் 160 கி.மீ.க்கு மேல். மதுரையிலிருந்து ஏறத்தாழ 120. திண்டுக்கல்லில் ஆரம்பிப்பவர்களுக்கு ஏறத்தாழ 60.

ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 1,300 எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 30 கி.மீ. நடந்தால் 39,000 எட்டு வரும். ஆக, ஒவ்வொரு காலும் ஒரே நாளில் ஏறத்தாழ இருபதாயிரம் தடவை தரையில் ஊன்றுகிறது. செருப்புக்குள் கடுகளவு கல் ஒன்று புகுந்தால் அது அதே இடத்தில் இருபதாயிரம் தடவை குத்தும். ஜிம்முக்குப் போற, ஃபுட்பால் ஆடுற பசங்ககூட பாதியில உட்கார்ந்துடுறதுக்குக் காரணம் இதுதான். தெம்பு இருக்கும், மூச்சு இருக்கும், உள்ளங்கால் தோல் மட்டும் தயாரா இருக்காது.

போன வருஷம் ஒரு தம்பி வந்தான். காலேஜ் இரண்டாம் வருஷம். ஆறு பேர் சேர்ந்து கிளம்பி, முதல் நாளே நாற்பத்தைந்து கி.மீ. நடந்திருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "அண்ணா, முதல் நாள் எங்களை ஒருத்தர்கூட முந்தல. மூணாம் நாள் எங்களை முந்தாத ஆளே இல்ல." ஆறு பேரில் மூன்று பேர் திண்டுக்கல்லிலேயே பஸ் ஏறியாச்சு. மற்ற மூன்று பேர் எங்கள் பந்தலில் அரை நாள் படுத்திருந்துவிட்டு, பிறகு மெதுவாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதே நாளில் ஒரு ஆச்சி வந்தார்கள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். காலில் ஒரு கீறல்கூட இல்லை. சுக்குக் காபி குடிக்க மட்டும்தான் வந்தார்கள். எப்படி ஆச்சி என்று கேட்டதற்கு, "மணிக்கொரு தரம் உட்கார்ந்துருவேன் ராசா. செருப்பைக் கழட்டிக் காலுக்குக் கொஞ்சம் காத்துக் காட்டிட்டு எந்திரிப்பேன். பழனியாண்டவன் எங்கயும் எந்திரிச்சுப் போயிற மாட்டான்" என்றார்கள். நான் கேட்ட அறிவுரைகளில் இதற்கு மேலானது கிடையாது. வலிக்கும்போது உட்காருவது வேறு, வலிக்கிறதுக்கு முன்னாடியே உட்காருவது வேறு. ஐம்பது நிமிஷம் நடை, பத்து நிமிஷம் ஓய்வு என்று முதல் மணி நேரத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் 25 கி.மீ.க்கு மேல் போகவே வேண்டாம். மூன்றாம் நாள் உடம்பு பழகின பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

48 நாளை நடைக்கும் பயன்படுத்துங்க

மாலை போட்டு விரதம் இருக்கிறோம். அந்த 48 நாளும் காலுக்கும் பயிற்சி கொடுத்தால் என்ன? 2026-ல் தைப்பூசம் பிப்ரவரி 1-ந் தேதி வந்தது. அதற்கு 48 நாள் முன்னால் எண்ணினால் மார்கழி பிறக்கிற சமயம். விடியற்காலை எப்படியும் எழுந்து குளிக்கிறோம், கோயிலுக்குப் போகிறோம். பைக்கை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே போங்கள். தினமும் நாலு, ஐந்து கி.மீ. போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகணும்.

இதில் முக்கியமாக ஒன்று இருக்கிறது. பல பேர் ஒரே ஒரு நாள் 20, 25 கி.மீ. நடந்து பார்த்துவிட்டு 'நம்மால முடியும்' என்று முடிவு பண்ணிவிடுகிறார்கள். ஒரு நாள் யாரால் வேண்டுமானாலும் நடக்க முடியும். நடையின் உண்மையான பரீட்சை மறுநாள் காலை எழுந்திருக்கிறதில்தான் இருக்கு. அதனால் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து 15, 20 கி.மீ. நடந்து பாருங்கள். கொண்டுபோகப் போகிற அதே பையை மாட்டிக்கொண்டு, போடப் போகிற அதே செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு நடங்கள். எது உரசுது, எது அழுத்துது என்று அங்கேயே தெரிந்துவிடும். கடைசி நான்கைந்து நாள் நடையைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுத்துவிடணும்.

கால்

பந்தலில் எங்களுக்கு முக்கால்வாசி வேலை கொப்புளம்தான். அது எப்படி வருது என்று தெரிந்துகொண்டால் தடுப்பது சுலபம். சூடு, ஈரம், உரசல் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் தோலின் மேலடுக்கு பிரிந்து நடுவில் நீர் கட்டுகிறது. அந்த இடம் கொப்பளிக்கிறதுக்கு முன்னாடி நமக்குச் சொல்லிவிடும். குதிகாலிலோ பெருவிரல் ஓரத்திலோ ஒரு இடம் மட்டும் சூடாக, லேசாகச் சுருக்கென்று இருக்கும். அப்போது நடையை நிறுத்தணும். அடுத்த அன்னதானப் பந்தல் வரட்டும், நண்பர்கள் முன்னாடி போறாங்க என்று ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் கொப்புளம் நிச்சயம். உடனே உட்கார்ந்து, காலைத் துடைத்துக் காயவிட்டு, அந்த இடத்தில் மைக்ரோபோர் டேப் சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொண்டு எழுந்தால் பத்து நிமிஷத்தில் முடிகிற காரியம். குழுவில் மற்றவர்கள் காத்திருக்க மாட்டார்களே என்ற கூச்சத்தில்தான் நிறைய பேர் இதைச் செய்வதில்லை. "ஒரு நிமிஷம் சாமி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நல்ல குழு என்றால் நிற்கும்.

ஷூ போடுகிறவர்கள் புதுசு வாங்கிக்கொண்டு நேராக வராதீர்கள். நடக்க நடக்கக் கால் வீங்கும் என்பதால் வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக இருக்கட்டும். மூன்று நான்கு ஜோடி சாக்ஸ் வேண்டும். நனைந்ததை மாற்றிவிட்டு, கழற்றியதைப் பையின் வெளியே தொங்கவிட்டால் காய்ந்துவிடும். கால் நகத்தைக் கிளம்புகிற அன்றைக்கு வெட்டாமல் நாலு நாள் முன்னாடி நேராக வெட்டிக்கொள்ளுங்கள். வேட்டி கட்டி நடக்கிறவர்களுக்குத் தொடை இடுக்கில் உரசிப் புண்ணாகிவிடும். வெட்கப்பட்டு யாரும் இதைப் பேசுவதில்லை, ஆனால் இரண்டாம் நாள் அகலக்கால் வைத்து நடக்கிறவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்! நடையைத் தொடங்கும் முன்பே வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டு, உள்ளே முழங்கால் வரை வரும் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டால் போதும்.

கொப்புளம் வந்தே விட்டால், சின்னதைத் தொடாமல் மூடிவையுங்கள். பெரிதாக, ஊன்ற முடியாமல் வலித்தால் மருத்துவ முகாமில் காட்டுங்கள். அவர்கள் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை எடுத்துவிட்டு, தோலை உரிக்காமல் அப்படியே வைத்துக் கட்டுவார்கள். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு நூலை அப்படியே தொங்கவிடுவது நம்ம பக்கம் ரொம்ப காலப் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். ரோட்டுத் தூசியெல்லாம் அந்த நூல் வழியாகவே உள்ளே போய்ச் சீழ் பிடித்துவிடுகிறது.

செருப்பில்லாமல் நடப்பது பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபப்பட வேண்டாம். வேண்டுதல் இருந்தால் அது உங்களுக்கும் முருகனுக்கும் நடுவில் உள்ளது, நான் பேசுவதற்கு இல்லை. அந்த 48 நாளும் வெறுங்காலோடு நடந்து தோலைப் பழக்கிக்கொண்டு வாங்க, அவ்வளவுதான். ஆனால் வேண்டுதல் ஏதும் இல்லாமல், கூட வருகிறவன் கழற்றினான், வீடியோவில் பார்த்தேன் என்று பாதி வழியில் செருப்பைத் தூக்கிப் பையில் போடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நண்பகல் தார் ரோடு எப்படிச் சுடும் என்று தெரியும்தானே? சூடு தாங்காமல் எல்லோரும் ரோட்டு ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேல் நடப்பார்கள். வெள்ளைப் பெயிண்ட் அவ்வளவாகச் சுடாது என்பது சரிதான். ஆனால் அந்தக் கோடு லாரி போகிற இடத்துக்கு ஒரு கை தூரம். பாதத்தைக் காப்பாற்றப் போய் ஆளே ஆபத்தில் நிற்கிறோம்.

சர்க்கரை நோய் இருக்கிற அப்பா, அம்மா, சித்தப்பா யாராவது உங்களோடு நடந்தால் அவர்கள் பாதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. பல வருஷம் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் ஏறினாலும் கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. ஒரு பெரியவர் "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, காலைச் சும்மா கழுவிவிடு" என்றார். கழுவினால் ஒரு கண்ணாடித் துண்டு உள்ளே நிற்கிறது. எப்போது ஏறியது என்றே அவருக்குத் தெரியவில்லை. அவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் போனில் படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதம், ஆனால் மாத்திரை, இன்சுலின் எல்லாம் வழக்கம்போல என்று நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். கை நடுக்கம், குப்பென்று வேர்வை, பேச்சில் குழப்பம் என்றால் உடனே கொஞ்சம் சர்க்கரையோ பஞ்சாமிர்தமோ வாயில் போடுங்கள்.

தண்ணி, சாப்பாடு, மாத்திரை

தை மாதம் குளிர்தானே என்று தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம். விடியலில் பனி இருந்தாலும் பத்து மணிக்கு மேல் வெயில் நன்றாகவே காயும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அடிக்கடி இரண்டு மடக்குக் குடிங்க. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணி போதவில்லை என்று அர்த்தம். அதற்காக வெறும் தண்ணியையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் சரியில்லை. வேர்வையில் உப்பும் போகிறது, அதை ஈடுகட்டாவிட்டால் தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு எல்லாம் வரும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், இளநீர் இவையெல்லாம் நல்லது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வைத்திருந்தால் அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்துக் குடிக்கணும், வாயில் கொட்டிக்கொண்டு மேலே தண்ணீர் குடிக்கக் கூடாது. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது.

அன்னதானம் பற்றிச் சொல்லவே வேண்டாம். திண்டுக்கல் தாண்டினால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பந்தல். பொங்கல், கேசரி, தக்காளி சாதம், பானகம் என்று கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பார்கள். கொடுக்கிற அவர்களுக்கும் அது வழிபாடுதான். ஆனால் எல்லாவற்றையும் வாங்கி வயிற்றில் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. பசிக்கிற அளவுக்கு வாங்கி முழுசாகச் சாப்பிடுங்கள். பாதி சாப்பிட்ட தட்டை ரோட்டோரம் வீசிவிட்டுப் போவதைப் பார்க்கும்போதுதான் மனசு கஷ்டமா இருக்கு.

வலி மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வழியில் யாரோ நல்ல மனசோடு கொடுப்பார்கள், பெயர்கூடத் தெரியாத மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை வெறும் வயிற்றில், உடம்பில் நீர் வற்றியிருக்கிற நேரத்தில் போட்டால் குடலுக்கும் கிட்னிக்கும் கெடுதல். இன்னொன்று, வலியை மறைத்துக்கொண்டு நடந்தால் அடிபட்ட இடம் மேலும் கெடும். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிற மாதிரி இருந்தால் தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். வெயிலில் நடப்பவர் ஒருவர் உளறினாலோ, தடுமாறினாலோ நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே 108-க்கு அடியுங்கள்.

தங்கைகளுக்கும் அக்காக்களுக்கும் ஒன்று. வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்காதே என்று தண்ணீரே குடிக்காமல் நடக்கிறீர்கள். மயக்கம் போட்டு வருகிற பெண்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் இதுதான். சிறுநீரை அடக்கினால் நோய்த்தொற்றும் வரும். பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடங்கள். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் எங்கெங்கே இருக்கு என்று முந்தின வருஷம் நடந்தவர்களிடம் கேட்டு முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். குழுவை நடத்துகிற அண்ணன்மார் தங்கும் இடம் பார்க்கும்போது முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கணும்.

ராத்திரி ரோடு

கொப்புளம் ஆறிவிடும். இனி சொல்லப்போவது ஆறாத விஷயம். ஒவ்வொரு வருஷமும் பூசம் நெருங்கும் நாட்களில், நடந்து போன பக்தர் மீது வண்டி மோதியது என்று ஒரு செய்தியாவது வராமல் இருப்பதில்லை. படிக்கிற நமக்கு ஒரு செய்தி. அந்த வீட்டில் அதற்குப் பிறகு தைப்பூசம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெயிலுக்குப் பயந்து எல்லோரும் இருட்டில் நடக்கிறோம். ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை வண்டி ஓட்டுகிறவருக்குத் தூக்கம் கண்ணைச் சொக்குகிற நேரம், பனியும் இறங்கியிருக்கும். நாம் கட்டியிருப்பதோ பச்சை வேட்டி அல்லது காவி. ஹெட்லைட் வெளிச்சத்தில் கிட்டே வரும்வரை தெரியவே தெரியாது. அதனால்தான் போலீஸ்காரர்கள் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். அதை வாங்கி ஒட்டிக்கொண்டு அதன் மேலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு போகிறவர்களை என்ன சொல்வது! ஸ்டிக்கர் பையின் பின்புறமும் வேண்டும், முன்னால் நெஞ்சிலும் வேண்டும், போர்வைக்கு மேலே இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வெள்ளைத் துண்டையாவது மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

சில இடங்களில் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று ரோட்டை ஒட்டித் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். கரடுமுரடாக இருக்கு, கல் குத்துது என்று அதை விட்டுத் தார் ரோட்டுக்கு வராதீர்கள். நடைபாதை இல்லாத இடத்தில் ரோட்டின் வலது ஓரமாக, எதிரில் வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வருகிற வண்டி நமக்குத் தெரியாது, எதிரே வருவது தெரியும். தெரிந்தால் ஒதுங்கலாம். போலீஸ் வேறு பக்கம் போகச் சொல்லித் தடுப்பு வைத்திருந்தால் அதன்படி போங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. காரைக்குடி, மதுரைப் பக்கத்திலிருந்து பழனி போகும் நடை பெரும்பாலும் மேற்குப் பார்த்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நமக்குப் பின்னால் வருகிற டிரைவரின் கண்ணில் நேராகச் சூரியன் அடிக்கும். இடது ஓரமாகப் போனால் அவருக்கு நாம் தெரியவே மாட்டோம். இருட்டினால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் குருசாமி வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். இருட்டில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கக் கூடாது, ஒருத்தர் பின்னால் ஒருத்தர். முதல் ஆள் கையிலும் கடைசி ஆள் கையிலும் டார்ச். கடைசி ஆளாக எப்போதும் நிதானமான, அனுபவமுள்ள ஒருவர்தான் வருவார். அவருக்குப் பின்னால் நம் குழுவில் யாரும் இருக்கக் கூடாது. வளைவு வந்தால் பேச்சு, பாட்டு எல்லாம் நிறுத்தம். நத்தம் தாண்டித் திண்டுக்கல் போகும் வழியில் மலையை ஒட்டி வரும் வளைவுகளில் இதை ரொம்பக் கவனமாகச் செய்வோம். இயர்போன் இரண்டு காதிலும் மாட்டக் கூடாது. ஸ்பீக்கர் கட்டிய தள்ளுவண்டியில் முருகன் பாட்டு அலற விட்டுக்கொண்டு போகிறோமே, ஹாரன் சத்தம் எப்படிக் கேட்கும்? பாட்டு இருக்கட்டும், சத்தத்தைக் குறைங்க. ரீல்ஸ் எடுக்கணும் என்றால் பந்தலில் நின்று எடுங்கள்.

களைப்பாக இருக்கு என்று ரோட்டோரத்திலேயே துண்டை விரித்துப் படுப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. நின்றுகொண்டிருக்கும் லாரிக்கு அடியில், பின்னால் படுக்கவே படுக்காதீர்கள். டிரைவர் பார்க்காமல் வண்டியை எடுத்துவிடுவார். இன்னும் ஒரு கி.மீ. போனால் கோயிலோ மண்டபமோ பந்தலோ இருக்கும். நடக்கவே முடியவில்லை என்றால் ஊருக்குள் போய் ஒரு வீட்டுத் திண்ணையில் கேளுங்கள். பழனி பக்தருக்குப் படுக்க இடமில்லை என்று அந்தப் பக்கம் சொன்ன வீட்டை நான் பார்த்ததில்லை.

சுமை

பைக்கு ஐந்து கிலோ போதும். அதுவே அதிகம்தான். இரண்டு செட் துணி, போர்வை, காதை மூட மப்ளர், டார்ச், பவர் பேங்க், டேப், வாஸ்லின், உங்கள் வழக்கமான மாத்திரை, ஆதார் நகல், வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு. போன் சார்ஜ் இல்லாமல் போனால் அந்தச் சீட்டுதான் உதவும். காவடி எடுப்பவர்கள் அந்த எடையைத் தோளில் வைத்து முன்கூட்டியே நடந்து பழகணும், தோளை மாற்றத் தெரியணும். அகத்தியர் சொல்லி இரண்டு மலையைக் காவடியாகச் சுமந்து வந்த இடும்பனே களைத்துப்போய்ப் பழனியில் இறக்கிவைத்தவன்தான். நாம் நடுவில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினால் ஒரு குறையும் இல்லை.

இதே தைரியத்தில் கதிர்காமப் பாதயாத்திரை போகலாமா என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கிழக்குக் கரையோடு இறங்கிப் போகிற நடை அது. மாதக் கணக்கில் ஆகும். உகந்தைக்கு அப்புறம் குமண, யால காடு. யானை நடமாடுகிற இடம், கடை கிடையாது, அரிசி பருப்பைச் சுமந்துகொண்டு போகணும், தண்ணீர் கிடைக்கிற இடத்தில்தான் தங்கணும். காட்டுப் பாதையைத் திறந்துவிடும் நாட்களில் மட்டும்தான் போக முடியும். நடந்து வந்த மட்டக்களப்பு நண்பர் ஒருவர், "அங்க வேகமா நடக்கிற ஆளுக்கு மரியாதை இல்ல. கூட்டத்துல ஆக மெதுவா வாற கிழவிதான் எல்லாருக்கும் வேகத்தை வைக்கிறா" என்றார். பழனியை நாலைந்து தடவை நடந்து பழகிய பிறகு அதை யோசியுங்கள்.

பழனி வந்த பிறகு

வந்தாச்சு என்று உடம்பு தளர்கிற இடம் இது, அங்கேதான் நிறைய பேர் சிரமப்படுகிறார்கள். சண்முகநதியில் குளித்துவிட்டு உடனே வரிசைக்கு ஓடாதீர்கள். பூசத்தை ஒட்டி மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். நாலு நாள் நடந்த கால் நிற்கும்போதுதான் மரத்துப்போய் வீங்கும். நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருங்கள். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வரிசையில் சேருங்கள். மலைக்கோயிலுக்குள் 2023 அக்டோபர் முதல் மொபைல் கொண்டுபோக அனுமதி இல்லை. கீழேயே பாதுகாப்பு மையத்தில் கொடுத்துவிட்டு, தரிசனம் முடிந்ததும் எங்கே கூடுவது என்று குழுவுக்குள் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். போன் இல்லாமல் தொலைந்துபோய் அடிவாரத்தில் தேடித் திரிகிறவர்கள் ஏராளம்.

ஏறத்தாழ எழுநூறு படி. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி பேசும். இறங்குவதற்குப் படி வேண்டாம், யானைப்பாதை சாய்வாக இருக்கும், அது சுகம். முட்டி வலி இருப்பவர்கள் விஞ்சிலோ ரோப் காரிலோ இறங்கிவிடுங்கள். நடந்தே வந்துவிட்டு இதில் ஏறுவதா என்று கௌரவம் பார்க்க வேண்டியதில்லை.

வழியில் உடம்பு ஒத்துழைக்காமல் பஸ் ஏறி வந்தவர்கள் அடிவாரத்தில் குழுவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அவர்களைக் கேலி பேசாதீர்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுங்கள், வீக்கம் வடியும். ஒரு வாரம் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். புண்ணைச் சுற்றிச் சிவந்து பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை இருப்பவர்கள் சின்னக் கீறலாக இருந்தாலும் போய்க் காட்டிவிடுங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!